விலகியவரின் சாட்சியம்: பிலிப் ஸ்ப்ராட்டும் ‘ஓடுகாலி’ என்ற தீர்ப்பும்

கம்யூனிஸ்டுக் கட்சியைவிட்டு விலகிய ஒருவர் பின்னாளில் அரசியலைப் பற்றி எழுதும் எதையும் ஆய்வாக மதிக்க வேண்டியதில்லை என்ற கருத்து, தமிழ்நாட்டின் இடதுசாரி வட்டாரத்திலும் அதன் செல்வாக்கு எட்டிய கல்விப்புலத்திலும் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கிறது. கட்சி மேடையில் அது வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது. கருத்தரங்க அறையில், விலகியவரின் நூலைக் குறிப்பிடாமலே கடந்துபோகும் மௌனமாக அது செயல்படுகிறது. கார்ல் காவுத்ஸ்கியை எதிர்த்து லெனின் 1918இல் எழுதிய நூலின் தமிழ்த் தலைப்பில் இடம்பெற்ற ‘ஓடுகாலி’ என்ற சொல், கொள்கையைக் கைவிட்டு எதிரணிக்குப் போனவர் என்ற பொருளில் இங்குள்ள அரசியல் பேச்சில் நிலைத்துவிட்டது. அந்தப் பட்டம் ஒருவர்மேல் விழுந்த பிறகு அவர் எழுதியதைத் திறந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. இந்தத் தீர்ப்பு தவறானது. அது எவ்வளவு தவறானது என்பதை, பிரிட்டனிலிருந்து கம்யூனிஸ்டு அகிலத்தின் தூதராக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, சிறையிருந்து, கட்சியிலிருந்து விலகி, அரசியல் ஆய்வாளராகச் சென்னையில் மறைந்த பிலிப் ஸ்ப்ராட்டின் வாழ்க்கை போல வேறெதுவும் தெளிவாகக் காட்டுவதில்லை.

மறுக்கப்படும் கருத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வதுதான் முறை. விலகியவரை வெளியே இழுத்தது பணமோ பதவியோ அச்சமோதான் என்று சொல்வோர் உண்டு. அது எளிய வடிவம். அதைவிட ஆழமானது, பழைய நம்பிக்கையைத் துறந்தவர் அதே ஆவேசத்தோடு நேரெதிரான நம்பிக்கையைப் பற்றிக்கொள்கிறார், ஆகவே ஆய்வாளருக்கு வேண்டிய நிதானம் அவருக்கு ஒருபோதும் வாய்ப்பதில்லை என்ற வாதம். போலந்தில் பிறந்த வரலாற்றாசிரியர் ஐசக் டாய்ச்சர் 1950களில் இதைச் செப்பமாக முன்வைத்தார்: கொள்கையின் மெய்யான உள்ளடக்கத்தைக் காக்கவே நிறுவனத்தோடு மோதுபவரை மாறுபட்டவர் என்றும், கொள்கையையே விட்டுவிட்டு அதன் எதிரிகளோடு சேர்பவரை ஓடுகாலி என்றும் அவர் பிரித்தார், பின்னவரைத் தலைகீழாக நிறுத்தப்பட்ட ஸ்டாலினியர் என்றே கருதினார். விலகியவர் தம் கடந்தகாலத்தைப் பற்றித் தரும் செய்திகள் தம்மை நியாயப்படுத்திக்கொள்ளும் தேவையால் திரிந்தவை என்பது இவ்வாதத்திலிருந்து தானே கிளைத்துவரும் முடிவு.

இந்தக் கேள்வி மதுரைக்குத் தொலைவானது அன்று. வைகையின் வடகரையில் ஆல்பர்ட் விக்டர் பாலம் இறங்கும் கோரிப்பாளையத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொண்டால், இந்தியப் பொதுவுடைமை இயக்கத்தின் நினைவுகள் அங்குள்ள தர்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்துக்குள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. கம்யூனிஸ்டுத் தலைவர் என். சங்கரய்யா பயின்றதும், 1941இல் இளங்கலை இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில் கைதாகிப் படிப்பை இழந்ததும் இங்குள்ள அமெரிக்கன் கல்லூரியில்தான். இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் மூன்றாவது மாநாடு 1953 டிசம்பர் கடைசியிலும் 1954 தொடக்கத்திலுமாக மதுரையில் கூடியது. கட்சி 1964இல் பிளவுபட்ட பின் மார்க்சிஸ்டுக் கட்சி தன் ஒன்பதாவது மாநாட்டை 1972இல் இந்நகரில் கூட்டியது. அக்கட்சியின் இருபத்துநான்காவது மாநாடு 2025 ஏப்ரலில் தமுக்கத்தில் நடந்தேறியது. அதே கோரிப்பாளையத்தின் அரசு மருத்துவமனை ராஜாஜியின் பெயரைத் தாங்கி நிற்கிறது; ஸ்ப்ராட் தம் கடைசி ஆண்டுகளில் ஆசிரியப் பொறுப்பேற்ற ‘சுயராஜ்யா’ அந்த ராஜாஜியின் அரவணைப்பில் வளர்ந்த இதழ். இயக்கத்துக்குள் வாழ்நாள் முழுவதும் நின்றவரின் நினைவும், இயக்கத்தைத் துறந்தவர் கடைசியாகப் போய்ச் சேர்ந்த அணியின் தலைவருடைய நினைவும் ஒரே வட்டாரத்தில் அருகருகே இருக்கின்றன. முதல் நினைவுக்குக் கிடைக்கும் கவனத்தில் சிறு பங்குகூட ஸ்ப்ராட்டின் நூல்களுக்கு இதுவரை கிடைக்கவில்லை.

ஸ்ப்ராட் 1902இல் லண்டனில் பிறந்து, கேம்பிரிட்ஜின் டவுனிங் கல்லூரியில் கணிதம் பயின்று, பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தவர். உலக நாடுகளின் கம்யூனிஸ்டுக் கட்சிகளை மாஸ்கோவிலிருந்து இணைத்து வழிநடத்திய அமைப்பு கம்யூனிஸ்டு அகிலம், அதாவது மூன்றாம் அகிலம். அதன் பணிக்காக 1926 இறுதியில் அவர் இந்தியா வந்தார். சட்டபூர்வமான வெளி முகமாகத் தொழிலாளர் விவசாயிகள் கட்சிகளை வளர்ப்பதும், தொழிற்சங்கங்களை ஒருங்கிணைப்பதும் அவருக்கு இடப்பட்ட வேலை. 1927இல் இந்தியாவையும் சீனாவையும் பற்றி எழுதிய ஒரு சிறு வெளியீட்டுக்காக அரச நிந்தனை வழக்கில் நிறுத்தப்பட்டு பம்பாயில் விடுதலை பெற்றார். 1929 மார்ச் 20 அன்று நாடெங்கும் நடந்த கைது வேட்டையில் பிடிபட்டு, கம்யூனிஸ்டுகள்மீது தொடுக்கப்பட்ட மீரத் சதி வழக்கில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார். ஏறத்தாழ நான்காண்டு இழுத்த அவ்வழக்கில் 1933 ஜனவரியில் அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அலகாபாத் உயர்நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் தண்டனைகளை வெகுவாகக் குறைத்தது. 1934இல் வெளியே வந்தவரை அரசு மறுபடியும் பெல்காம் கோட்டையில் காவலில் வைத்தது. முழுமையான விடுதலை 1936இல்தான் கிட்டியது.

மீரத் கைதிகள் இருபத்தைந்து பேர் சிறைக்கு வெளியே மூன்று வரிசையாக இருக்கும் புகைப்படம் ஒன்று இந்தியப் பொதுவுடைமை வரலாற்றைப் பேசும் நூல்களில் மீண்டும் மீண்டும் அச்சாகியிருக்கிறது. பின்வரிசையில் அயோத்தியா பிரசாதுக்கும் கங்காதர் அதிகாரிக்கும் நடுவே ஸ்ப்ராட் நிற்கிறார். அவ்வரிசையிலேயே பென் பிராட்லியும் லெஸ்டர் ஹட்சின்சனும் இருக்கிறார்கள். நடுவரிசையில் முசாஃபர் அகமதும் பி.சி. ஜோஷியும், முன்வரிசையில் எஸ்.ஏ. டாங்கேயும் எஸ்.வி. காட்டேயும். இந்தப் படத்தை வைத்துக்கொண்டே ஓடுகாலி என்ற தீர்ப்பின் தன்மையைச் சோதித்துப் பார்க்கலாம். ஜோஷி 1935 முதல் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்து, 1948இல் கல்கத்தா மாநாட்டில் இறக்கப்பட்டு, அடுத்த ஆண்டே சீர்திருத்தவாதி என்ற பழியோடு கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். பின்பு திரும்பச் சேர்க்கப்பட்டார். அவர் திரட்டிய ஆவணங்கள் இன்று ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அவர் பெயரிலேயே ஆவணக்காப்பகமாக இருக்கின்றன. டாங்கே 1924இல் சிறையிலிருந்து பிரிட்டிஷ் அரசுக்குச் சேவை செய்ய முன்வந்து எழுதியவை என்று சொல்லப்பட்ட கடிதங்கள் 1964 மார்ச்சில் வெளிவந்தன. அவை போலி என்று அவர் மறுத்தார். அவற்றை முன்வைத்து எழுந்த பூசலின் உச்சத்தில் ஏப்ரல் 11 அன்று தேசியக் குழுவிலிருந்து 32 பேர் வெளிநடப்புச் செய்தார்கள், அவர்களுள் மதுரையின் சங்கரய்யாவும் பி. ராமமூர்த்தியும் இருந்தார்கள். பிளவில் மிஞ்சிய கட்சியே 1981இல் டாங்கேயை வெளியேற்றியது. ஆக, ஒரே படத்தில் உள்ளவர்களில் மூவர் அவரவர் காலத்தில் கட்சியின் கண்ணுக்கு வழிதவறியவர்களாகத் தோன்றியிருக்கிறார்கள். அவர்களில் ஜோஷி மீட்கப்பட்டார், டாங்கே கைவிடப்பட்டார், ஸ்ப்ராட் மறக்கப்பட்டார். தலைமை மாறும்தோறும் மாறுகிற ஒரு தீர்ப்பு கட்சியின் அன்றைய நிலையைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஒருவருடைய எழுத்தின் உண்மையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

நோக்கம் பற்றிய குற்றச்சாட்டைக் காலவரிசையே தகர்த்துவிடுகிறது. கூலிக்கு எழுதுபவரை விலைக்கு வாங்க யாராவது சந்தையில் இருக்க வேண்டும். ஸ்ப்ராட் கம்யூனிசத்தோடு முற்றாக முறித்துக்கொண்டது, சோவியத் படைகள் 1939 நவம்பர் இறுதியில் பின்லாந்துக்குள் புகுந்ததையொட்டி. அன்று பனிப்போர் தொடங்கவில்லை. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. எட்டு ஆண்டு கழித்து 1947இல்தான் உருவாயிற்று. மனம் மாறிய கம்யூனிஸ்டுகளின் நினைவுக்குறிப்புகளுக்கு மேற்கில் பெருஞ்சந்தை பிறந்தது அதற்கும் பிறகு. மனமாற்றத்துக்கு அன்று விலை கொடுக்கக்கூடிய ஒரே தரப்பு பிரிட்டிஷ் இந்திய அரசு. அந்த அரசுதான் அவரைச் சுமார் ஏழாண்டு சிறையிலும் கோட்டையிலும் பூட்டி வைத்திருந்தது. மீரத்தில் பன்னிரண்டு ஆண்டுத் தண்டனை தலைக்கு மேல் தொங்கியபோது அவர் கொள்கையை விற்று வெளியே வரவில்லை. அச்சமும் ஆசையும் மிக வலுவாக இருந்த அந்த நாளில் உறுதியாக நின்றவர், அவை இரண்டும் நீங்கிய பின்னர் விலகினார். இங்கிலாந்துக்குத் திரும்பி வசதியான வாழ்வைத் தேடாமல், 1939இல் சிங்காரவேலரின் குடும்பத்துப் பெண்ணான சீதாவை மணந்து, பெங்களூரில் குடியேறி, பத்திரிகை எழுத்தையே பிழைப்பாகக் கொண்டார். 1923இல் சென்னையில் மே தினத்தை முதன்முதலாகக் கொண்டாடி, 1925இல் கான்பூரில் கூடிய முதல் கம்யூனிஸ்டு மாநாட்டுக்குத் தலைமை வகித்த சிங்காரவேலரின் குடும்பத்துக்குள் மருமகனாக நுழைந்த ஒருவரை, மக்களைவிட்டு ஓடியவர் என்று சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

காலவரிசை இன்னொன்றையும் வெளிப்படுத்துகிறது. நிலவும் கருத்தை அடியோடு புரட்டிப்போடுவது அதுதான். விலகியவர் முதலில் விலகுகிறார், பிறகு அதை நியாயப்படுத்துவதற்காக அறிஞர் வேடம் பூணுகிறார் என்பது அக்கருத்தின் உள்ளுறை. ஸ்ப்ராட்டின் விஷயத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. சிறையிலும் பெல்காம் காவலிலும் அவர் இந்திய வரலாற்றையும் சமயத்தையும் காந்தியையும் ஊன்றிப் படித்தார். அந்தப் படிப்பின் விளைச்சலாக ‘காந்தியம்: ஒரு பகுப்பாய்வு’ என்ற ஆங்கில நூல் 1939இல் சென்னை ஹக்ஸ்லி அச்சகத்தின் வெளியீடாக வந்தது. காந்தி இந்திய முதலாளி வர்க்கத்தின் கருவி என்ற ஒற்றை வரி விளக்கம் அகிலத்துக்குப் போதுமானதாக இருந்த காலத்தில், அகிலத்தின் தூதராக வந்த ஒருவர், காந்தி கோடிக்கணக்கானோரை எவ்வாறு ஈர்த்தார் என்ற கேள்விக்கு வர்க்க ஆய்வு முழு விடையாகாது என்று உணர்ந்து, உளவியலையும் சமூக வரலாற்றையும் துணைக்கழைத்துப் பெரிய நூலொன்றை எழுதினார். அவரை முதலில் கட்சியின் விளக்கத்திலிருந்து நகர்த்தியது ஆய்வு. கட்சியைவிட்டு விலகியது அதன் பின்விளைவு. படித்ததும் கண்டதும் கோட்பாட்டோடு பொருந்தாதபோது கோட்பாட்டை மறுபரிசீலனை செய்வதை எந்த அறிவுத்துறையும் ஒழுக்கக்கேடாகக் கருதுவதில்லை. அரசியல் அறிவியலில் மட்டும் அதைத் துரோகம் என்று பெயரிடுவது, அத்துறையை அறிவியல் என்று அழைப்பதையே மறுப்பதாகும்.

டாய்ச்சரின் வாதத்துக்கு வருவோம். அது கவனமாகப் பதில் சொல்லத் தக்கது, ஏனென்றால் அதில் ஓரளவு உண்மை உண்டு; துறந்த மதத்தைத் தூற்றுவதையே புதிய மதமாகக் கொண்டவர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். ஆனால் டாய்ச்சரே 1932இல் போலந்துக் கம்யூனிஸ்டுக் கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். அவர் எழுதிய ஸ்டாலின் வரலாறும் மூன்று பாகங்களாக வந்த டிராட்ஸ்கி வரலாறும் கட்சிகளுக்கு வெளியே, கட்சிகளின் கண்டனத்துக்கு நடுவே உருவானவை. இன்று அவற்றை இடதுசாரி வாசகர்களே விரும்பிப் படிக்கிறார்கள். அப்படியானால் கட்சியைவிட்டு வெளியே இருப்பது அறிவைக் கெடுப்பதில்லை என்பது ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. மிஞ்சுவது, வெளியேறியவர் சோசலிச இலட்சியத்தைப் பற்றி நின்றாரா, கைவிட்டாரா என்ற பிரிப்பு மட்டுமே. அந்தப் பிரிப்பு ஆய்வாளர் எந்த முடிவுக்கு வந்தார் என்பதை வைத்துச் செய்யப்படுகிறது. எந்தச் சான்றுகளின் வழியே, எந்த முறையில் அம்முடிவுக்கு வந்தார் என்பதை அது கேட்பதே இல்லை. முடிவை முன்கூட்டி நிர்ணயித்துவிட்டு அதற்கு உடன்படுபவரை மட்டும் ஆய்வாளர் என்று ஏற்கும் அளவுகோல், எந்தத் தத்துவத்தின் பெயரால் வந்தாலும், ஆய்வின் அளவுகோல் ஆகாது.

தலைகீழ் ஸ்டாலினியர் என்ற வருணனை ஸ்ப்ராட்டுக்குப் பொருந்துகிறதா என்பதையும் அவருடைய எழுத்தை வைத்தே பார்க்க வேண்டும். பெங்களூரிலிருந்து அவர் நடத்திய ‘மைஸ்இந்தியா’ வார இதழ் தனியார் தொழில் முனைவையும் மேற்கத்திய அணியையும் ஆதரித்தது உண்மை. நேரு அரசின் திட்டப் பொருளாதாரத்தை அது கடுமையாகச் சாடியதும் உண்மை. ஆனால் அதே இதழில் 1952 ஜூலையில், காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின்மீது இந்தியா கொண்டாடும் உரிமையைக் கைவிட்டு, படைகளைத் திரும்பப் பெற்று, அந்த அரசுக்குக் கொடுத்த கடன்களையும் தள்ளுபடி செய்து, தேசிய மாநாட்டுக் கட்சி கனவு கண்ட சுதந்திரத்துக்கு வழிவிட வேண்டும் என்று ஸ்ப்ராட் எழுதினார். அன்றைய இந்தியாவில் ஆளுங்கட்சியும் இந்துத் தேசியவாதிகளும் ஒருசேர வெறுத்திருக்கக்கூடிய நிலைப்பாடு அது. எந்தப் புரவலரையும் மகிழ்விக்கக்கூடியதும் அன்று. அந்த யோசனை சரியா தவறா என்பது வேறு விவாதம். புதிய எசமானின் குரலை எதிரொலிப்பவர் என்ற சித்திரத்துக்குள் அந்தப் பத்தியை அடக்க முடியாது என்பதே இங்கு முக்கியம்.

எம்.என். ராயின் பெயரையும் இங்குச் சொல்ல வேண்டும். அகிலத்தின் உயர்மட்டத்தில் இருந்து 1929இல் வெளியேற்றப்பட்ட ராய், மனிதனின் பகுத்தறிவையும் சுதந்திரத்தையும் மையமாகக் கொண்ட தீவிர மனிதநேயம் என்ற தத்துவத்தைப் பின்னாளில் உருவாக்கினார். ஸ்ப்ராட் அவரோடு நெருங்கியிருந்து, இருவர் பெயரிலும் 1947இல் கம்யூனிசத்தைக் கடந்து செல்வது பற்றிய ஒரு நூலும் வந்தது. ராயின் அரசியல் சிந்தனை இந்தியப் பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. அவரிடம் விலகல் சிந்தனையின் வளர்ச்சி என்று கற்பிக்கப்படுகிறது; உடன்நடந்த ஸ்ப்ராட்டிடம் அதே விலகல் பேசப்படாமலே விடப்படுகிறது.

ஸ்ப்ராட்டின் நூல்களில் நிலவும் கருத்துக்கு அதிகமாக இடம் கொடுப்பது 1955இல் வெளிவந்த ‘இந்தியாவைத் தகர்த்தல்’. அகிலத்தின் முன்னாள் தூதர் ஒருவரின் நினைவுகளும் சிந்தனைகளும் என்று துணைத்தலைப்பிட்ட அந்நூலில் பனிப்போரின் வெப்பம் தலைப்பிலேயே தெரிகிறது. அதன் அரசியல் தீர்ப்புகள் பல இடங்களில் வாதத்தைவிட வேகமாக ஓடுகின்றன. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனாலும் ஒரு நூலின் தீர்ப்புகளும் அது தரும் செய்திகளும் வெவ்வேறானவை. யாரால் அனுப்பப்பட்டார், என்ன வேலை கொடுக்கப்பட்டது, பணமும் கட்டளைகளும் எவ்வழியே வந்தன, இந்தியத் தோழர்கள் அக்கட்டளைகளை எப்படி எதிர்கொண்டார்கள் என்பன செய்திகள். அவற்றைச் சரிபார்க்க மீரத் வழக்கின் பெருந்தொகையான நீதிமன்றப் பதிவுகள் இருக்கின்றன, முசாஃபர் அகமதின் நினைவுகள் இருக்கின்றன, கங்காதர் அதிகாரி தொகுத்த கட்சி வரலாற்று ஆவணத் தொகுதிகள் இருக்கின்றன, 1991க்குப் பின் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்ட மாஸ்கோ ஆவணங்களும் இருக்கின்றன. இந்தியக் கம்யூனிச வரலாற்றில் அடிப்படை நூலாகக் கருதப்படும் ஓவர்ஸ்ட்ரீட், விண்ட்மில்லர் இருவரின் 1959ஆம் ஆண்டு ஆய்வு பயன்படுத்திய சான்றுகளில் ஸ்ப்ராட்டின் நினைவுகளும் உண்டு. சார்புள்ள சாட்சி என்பதற்காக ஒரு சாட்சியை வரலாற்றாசிரியர் விரட்டுவதில்லை. சார்பு எத்திசையில் இழுக்கிறது என்று அறிந்து, அத்திசைக்கு மாறாக அவர் ஒப்புக்கொள்ளும் இடங்களுக்கு மிகுந்த எடை தருகிறார். சான்றுமூலத் திறனாய்வு என்று வரலாற்றியலில் அழைக்கப்படும் பயிற்சி இதுவே.

ஜெர்மனியின் வொல்ஃப்காங் லியோன்ஹார்ட் இதற்கு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 1921இல் வியன்னாவில் பிறந்து, தாயோடு 1935இல் மாஸ்கோ சென்று, அடுத்த ஆண்டே தாய் கைதாகி முகாமுக்கு அனுப்பப்பட்ட பின்னரும் கட்சியிலேயே வளர்ந்து, அகிலத்தின் பயிற்சிப் பள்ளியில் பயின்று, 1945 ஏப்ரல் 30 அன்று ஜெர்மன் கம்யூனிஸ்டுத் தலைவர் உல்பிரிக்டின் குழுவோடு பெர்லின் அருகே வந்திறங்கியவர் அவர். 1949இல் யுகோஸ்லாவியாவுக்குத் தப்பிச் சென்று, பின்பு மேற்கு ஜெர்மனியை அடைந்து, 1955இல் தம் அனுபவங்களை நூலாக்கி, 1966 முதல் 1987 வரை யேல் பல்கலைக்கழகத்தில் சோவியத் வரலாறு கற்பித்தார். பார்வைக்கு மக்களாட்சி போல இருக்க வேண்டும், உள்ளே கட்டுப்பாடு முழுதும் கட்சியின் கையில் இருக்க வேண்டும் என்பதே அன்று கிழக்கு ஜெர்மனியில் பின்பற்றப்பட்ட வழி என்று அவர் எழுதியதைக் கட்சி அவதூறு என்று ஒதுக்கியது. அந்த அரசே 1990இல் மறைந்து ஆவணங்கள் வெளிவந்தபோது, ஓடுகாலி என்று ஏசப்பட்டவரின் சித்திரமே நிலைத்தது. உள்ளே இருந்தவருக்கு மட்டுமே தெரிந்ததை, வெளியே வந்தவரால் மட்டுமே எழுத முடிந்தது. விலகியவரின் சாட்சியத்தைத் தள்ளுவோர் தங்களுக்குத் தாங்களே மூடிக்கொள்வது இந்தக் கதவைத்தான்.

இனி, பணம் பற்றிய கேள்வியை நேராகவே எதிர்கொள்ள வேண்டும். 1951இல் பம்பாயில் தொடங்கப்பட்ட இந்தியப் பண்பாட்டுச் சுதந்திரப் பேரவையின் ஆரம்பகாலப் பொறுப்பாளர்களில் ஸ்ப்ராட் ஒருவர்; அதன் உலகத் தலைமை அமைப்புக்கு சி.ஐ.ஏ. மறைமுகமாகப் பணம் கொடுத்துவந்தது 1966, 1967ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பத்திரிகைகளாலேயே அம்பலமாயிற்று. அது வெட்கக்கேடான செய்தி. அறிவுச் சுதந்திரத்தின் பெயரால் இயங்கிய அமைப்பொன்று தன் பண மூலத்தை மறைத்தது மன்னிக்கத்தக்கது அன்று. ஆனால் அதிலிருந்து, அவ்வமைப்போடு தொடர்புகொண்ட ஒவ்வொருவரின் எழுத்தும் விலைபோனது என்ற முடிவுக்குத் தாவுவோர், அதே அளவுகோலைத் தமிழ் அறிவுலகின்மீது வைத்துப் பார்க்க வேண்டும். 1951இல் தொடங்கப்பட்ட நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியே மாஸ்கோவில் அச்சான மலிவு விலை நூல்கள் தமிழ்நாட்டின் சிற்றூர்கள்வரை வந்து சேர்ந்தன. அவற்றின் விலை அடக்கவிலையைவிடக் குறைவாக இருந்தது சோவியத் அரசின் கொடையால்தான். அந்நூல்களைப் படித்து, மொழிபெயர்த்து, அவற்றால் வளர்ந்த பல தலைமுறைத் தமிழ் எழுத்தாளர்களை அயலரசின் கூலிகள் என்று எவரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. சோவியத் நாடு நேரு விருது பெற்றோரை அவ்விருது வாங்கிவிட்டது என்றும் யாரும் வாதிட்டதில்லை. கட்சிக் கம்யூனில் வளர்ந்து, பின்பு கட்சியிலிருந்து அகன்று, காமராசரின் காங்கிரசை ஆதரித்த ஜெயகாந்தனுக்கே 1978இல் அவ்விருது கிடைத்தது. ஜெயகாந்தன் தம் அரசியல் அனுபவங்களைப் பற்றி எழுதியவற்றைத் தமிழ் வாசகர்கள் நம்பகமான ஆவணமாகவே போற்றுகிறார்கள். படைப்பாளி விலகினால் அது மனச்சான்றின் குரல், ஆய்வாளர் விலகினால் அது விலைபோதல் என்ற இரட்டை அளவை எதைக்கொண்டு நியாயப்படுத்துவது?

கட்சிக்குள் நின்றவரின் எழுத்துக்கும் நோக்கம் உண்டு, நிர்ப்பந்தம் உண்டு. 1948இல் ஆயுதப் போராட்டமே வழி என்றும் 1951இல் அது தவறு என்றும் நிலைப்பாடு மாறியபோது, அந்தந்தக் காலத்துக் கட்சி எழுத்துகள் அந்தந்த நிலைப்பாட்டுக்கேற்பவே வரலாற்றைச் சொன்னன. இதனால் கட்சி அறிஞர்களின் உழைப்பு வீணானது என்று ஆகிவிடாது. கே. முருகேசனும் சி.எஸ். சுப்பிரமணியமும் 1975இல் வெளியிட்ட சிங்காரவேலர் வரலாறு, கட்சிக்காரர்கள் கட்சிப் பதிப்பகத்தின் வழியே கொண்டுவந்த நூல். அதைத் தவிர்த்துவிட்டுத் தென்னிந்தியத் தொழிலாளர் இயக்கத்தைப் பற்றி இன்று யாரும் எழுத முடியாது. பற்றுள்ளவரின் நூலை அதன் சான்றுகளுக்காக ஏற்கிறோம் என்றால், பற்றை இழந்தவரின் நூலையும் அதே காரணத்துக்காக ஏற்க வேண்டும்.

ஸ்ப்ராட்டை எதிர்த்துச் சொல்ல வேண்டியவை உண்மையிலேயே உண்டு. அவரை ஓடுகாலி என்று தள்ளுவதால் அந்த விமர்சனமும் நடக்காமல் போகிறது. 1966இல் வெளிவந்த ‘இந்துப் பண்பாடும் ஆளுமையும்’ என்ற நூலில் அவர் உளப்பகுப்பாய்வை, அதாவது ஃப்ராய்டின் வழியில் நனவிலி மனத்தை ஆராயும் முறையை, இந்து சமூகத்தின்மீது செலுத்தினார். ஐரோப்பிய ஆளுமை தண்டிக்கும் தந்தையை உள்வாங்கியது என்றும், இந்து ஆளுமை தன்மீதே அன்பைத் திருப்பிக்கொண்ட தன்மோகத் தன்மையுடையது என்றும் வகுத்தார். துணிச்சலான கருதுகோள், ஆனால் புராணங்களிலிருந்தும் சாத்திரங்களிலிருந்தும் உயிருள்ள மனிதர்களின் மனவமைப்புக்கு நேராகத் தாவும் அந்த முறை பலவீனமானது. சாதியாலும் வட்டாரத்தாலும் வேலையாலும் பிளவுபட்ட ஒரு சமூகத்துக்கு ஒற்றை ஆளுமை இருப்பதாகக் கொள்வது, வைகைக் கரையின் உழவருக்கும் காசியின் பண்டிதருக்கும் ஒரே மனத்தை ஒட்டவைப்பதாகும். இந்தக் குறை கட்சியிலிருந்து விலகியதால் வந்ததன்று. அக்காலத்து உளப்பகுப்பாய்வாளர் பலருக்கும் இருந்த குறை. விமர்சனம் இவ்வாறு நூலுக்குள் புகுந்து நடக்க வேண்டும்.

1964இல் சென்னைக்குக் குடிபெயர்ந்த பிறகு அவர் எழுதிய ‘அதிகாரத்தில் தி.மு.க.’ 1970இல் வெளிவந்தது. தமிழ்நாட்டு அரசியலைப் படிப்போருக்கு இந்நூலின் இடம் தனிச் சிறப்புடையது. 1967 தேர்தலில் 234 இடங்களில் பெரும்பான்மையை வென்று அண்ணாதுரை ஆட்சி அமைத்ததும், 1969 பிப்ரவரியில் அவர் மறைந்து கருணாநிதி முதல்வரானதும் நேற்றைய செய்தியாக இருந்த வேளையில், அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவின் 1965ஆம் ஆண்டு நூலுக்கும் மார்கரெட் ராஸ் பார்னெட்டின் 1976ஆம் ஆண்டு நூலுக்கும் இடைப்பட்ட காலத்தில், இந்த மண்ணில் குடும்பம் நடத்திய ஒருவர் அந்த ஆட்சியைப் பற்றி எழுதிய நூல் அது. அயலகப் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தோரின் நூல்கள் திராவிட இயக்க ஆய்வில் இடைவிடாமல் மேற்கோளாகின்றன. ஸ்ப்ராட்டின் நூல் பேச்சிலேயே வருவதில்லை. வலதுசாரி இதழ் ஒன்றின் ஆசிரியர் எழுதியது என்பதற்காக அதைத் தவிர்ப்பவர்கள், ராஜாஜியின் சுதந்திராக் கட்சி 1967இல் தி.மு.க.வின் கூட்டணியில் நின்றதையும் மார்க்சிஸ்டுக் கட்சியும் அதே அணியில் இருந்ததையும் நினைவில் கொண்டால், அந்நூல் எத்தகைய அரிய கோணத்திலிருந்து எழுதப்பட்டது என்பது விளங்கும்.

ஸ்ப்ராட்டைக் கம்யூனிச எதிர்ப்பின் வெற்றிச் சின்னமாக ஏந்துவோரும் இதே தவற்றைத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு மீரத் கைதி என்பவர் திருந்திய பாவி, அவ்வளவே. முற்பகுதியை மறந்து பிற்பகுதியைக் கொண்டாடுவதும், பிற்பகுதியைப் பழித்து முற்பகுதியை மட்டும் படத்தில் விட்டுவைப்பதும் ஒரு வாழ்க்கையைப் பாதியாக அறுப்பதே.

2023இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் சங்கரய்யாவுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்க முடிவெடுத்தபோது ஆளுநர் ஒப்புதல் தர மறுத்தார். பட்டம் பெறாமலே அந்த ஆண்டு நவம்பரில் சங்கரய்யா மறைந்தார். ஒரு மனிதரின் தகுதியை அவருடைய அரசியல் சார்பால் அளந்துவிட்டார்கள் என்று அப்போது மதுரை கொண்ட கோபம் நியாயமானது. அதே நியாயம் எதிர்த்திசையில் நடந்தவருக்கும் உரியது. காந்தியைப் பற்றிய ஸ்ப்ராட்டின் பகுப்பாய்வும், மீரத் நாள்களின் நினைவுகளும், தி.மு.க. ஆட்சி பற்றிய நூலும் தமிழில் வர வேண்டும். அப்பல்கலைக்கழகத்தின் அரசியல், வரலாற்றுத் துறைகளும் கோரிப்பாளையத்தின் கல்லூரியும் அவற்றை கங்காதர் அதிகாரியின் ஆவணத் தொகுதிகளோடும் முசாஃபர் அகமதின் நினைவுகளோடும் ஒரே மேசையில் வைத்து மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். கட்சியில் இருப்போரும் அந்த வகுப்பில் வந்து அமர்ந்து, பிழை என்று தோன்றும் ஒவ்வொரு பக்கத்தையும் சான்று காட்டி மறுக்க வேண்டும்.